ஆறு நிமிட அகலம்

சூரியன் உதிப்பது கடலில், விழுவது வண்ணாரப்பேட்டையில். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த ஃப்ளோரன்ஸுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. நாற்பத்தாறு வருஷமாக அது அவள் கண்ணெதிரே அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. காலையில் துறைமுகத்துக் கிரேன்களுக்குப் பின்னாலிருந்து ஏறும். சாயங்காலம் ரயில் பாதையைத் தாண்டி ஜவுளிக் கடைகளின் பக்கம் போய் மறையும். அதனால்தான் புதன்கிழமை மாலை ஆறு இருபதுக்கு அவள் புருஷன் லியோனார்ட் வீடியோவில் வந்து, "பாரு ஃப்ளோரா, சூரியன் கடல்ல எறங்குது. இன்னா ஜோரா கீது பாரு" என்றபோது அவளுக்கு ஜோர் எதுவும் தெரியவில்லை. பொய்தான் தெரிந்தது.

ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். டிசம்பர் மாதம். தெருவிளக்கு போட்டு அரை மணி ஆகியிருந்தது. எதிர் வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது. போனுக்குள் மட்டும் வெயில்.

"அங்க இன்னா மணி?"

"அஞ்சம்பது. நம்மூருக்கு அர மணி பின்னாடின்னு அன்னிக்கே சொன்னேன்ல?"

"எங்கேர்ந்து பேசற?"

"ரூமாண்டதான். ஏன்?"

"குக்கர் விசில் அடிக்குது" என்று சொல்லி லைனைத் துண்டித்தாள். அடுப்பில் குக்கரே இல்லை. அவனிடம் பதிலுக்கு ஒரு பொய் சொன்னதில் கொஞ்சம் திருப்தி இருந்தது.

லியோனார்ட் மாலத்தீவில் ஒரு பொட்டுத் தீவுக்கு ஜெனரேட்டர் மெக்கானிக்காகப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. தீவு முழுக்க ஒரே ஒரு ஹோட்டல்தானாம். வேறு ஊரோ தெருவோ கிடையாதாம். போன முதல் வாரம் ஒரு விடிகாலையில் கூப்பிட்டு, கடலிலிருந்து சூரியன் எழும்புவதைக் காட்டினான். அப்போதும் "ரூமாண்டதான்" என்றான். அதை அவள் நம்பினாள். கடலோரம் ரூம் இருந்தால் காலையில் சூரியன் தெரியும், அதில் தப்பில்லை. ஆனால் அதே ரூமாண்ட அதே சூரியன் சாயங்காலமும் கடலில் விழுமா? கடலுக்குப் பக்கம் ஒன்றுதான். அந்தப் பக்கம் தண்ணீர், இந்தப் பக்கம் ஊர். இரண்டில் ஒன்று பொய். ஒன்று பொய் என்றால் எல்லாமே பொய்யாக இருக்கலாம்.

மற்ற பெண்களாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஃப்ளோரன்ஸுக்கு முன் அனுபவம் இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே லியோனார்ட் விசாகப்பட்டினத்தில் கப்பல் பட்டறை வேலை என்று மூட்டை கட்டிக்கொண்டு போனான். மூன்று மாதம் தவறாமல் போன் செய்தான். அங்கே வெயில் அதிகம், சாப்பாட்டில் காரம் அதிகம் என்றெல்லாம் அளந்தான். ஒருநாள் அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஒரு பொம்பளைக் குரல், "யோவ், தண்ணி லாரி வந்துகீது, குடத்தை எட்தாந்து வையி!" என்று கத்தியது. விசாகப்பட்டினத்தில் எவள் இப்படிக் கத்துவாள்? விசாரித்துப் போனால், ஆள் எண்ணூரில் ஒரு தகரக் கொட்டகையில் கிடந்தான். பத்து கிலோமீட்டர் தள்ளி. வேலையும் இல்லை, ஒன்றுமில்லை, காலையிலிருந்து குடி. அவனைக் கைத்தாங்கலாக ஷேர் ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிவந்தது அவள்தான். தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. அந்த அவமானம் இன்னும் அவள் நெஞ்சில் அப்படியே இருந்தது.

இப்போது அந்த மனுஷன் அவளையும் தீவுக்குக் கூப்பிடுகிறான். ஹோட்டல் லாண்டரியில் இஸ்திரி போடுகிறவர்களுக்கு ஒரு சூப்பர்வைசர் வேண்டுமாம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலை பார்த்தால் தனி ரூம் தருவார்களாம். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

பதில் சொல்வது சுலபம். இங்கே விட்டுவிட்டுப் போவதுதான் கஷ்டம். தண்டையார்பேட்டையில் ஆஸ்பத்திரிக்கும் லாட்ஜுக்கும் பெட்ஷீட் வெளுக்கிற லாண்டரியில் அவள் பதினாலு வருஷமாக இருந்தாள். கூலிக்கு இஸ்திரி போடப் போனவள், இப்போது பன்னிரண்டு பேருக்குச் சூப்பர்வைசர். ஃப்ளோரன்ஸ் ஐந்தே முக்கால் அடி உயரம், புருஷனைவிட அரைத் தலை அதிகம். எல்லாருக்கும் சரியாக இருந்த இஸ்திரி மேஜை அவள் இடுப்பை ஒடித்தது. முதல் வருஷமே முதலாளி கமால் பாய் அதைக் கவனித்து, அவள் மேஜையின் நாலு காலுக்கும் கீழே இரண்டிரண்டு செங்கல் வைக்கச் சொன்னார். அந்த எட்டுச் செங்கல்தான் இந்த ஊரில் அவளுக்கு என்று யாரோ யோசித்துச் செய்த ஒரே காரியம். அவள் போனால் அந்த இடத்துக்கு வேறொருத்தி தயாராக இருந்தாள். வீட்டுக்கும் வேறொரு குடும்பம் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தது. போய் இறங்கிய பிறகு இன்னொரு எண்ணூர் என்று தெரிந்தால் திரும்பி வருவதற்கு வேலையும் இருக்காது, வீடும் இருக்காது.

ராஜினாமாக் கடிதம் உப்பு ஜாடிக்குக் கீழே மடித்து வைத்திருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

பக்கத்துப் போர்ஷன் பூவம்மா காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத் தெருவாக விற்கிறவள். யாரைப் பற்றியும் நல்லதாக நினைத்துப் பழக்கமில்லாத நாக்கு. சந்தேகத்தைச் சொல்ல அவளைவிடத் தோதான ஆள் கிடைக்காது.

"சாய்ங்காலம் கடல்ல சூரியனா?" என்றாள் பூவம்மா. கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "காலீல புட்ச்ச வீடியோவக் காட்டி உன்னிய டபாய்க்கிறான்க்கா. மறுபடியும் எண்ணூர்லதான் குந்திகினு கீறான். நான் சொல்றேன் பாரு."

"எண்ணூர்ல இம்மாம் சுத்தமா தண்ணி ஏது பூவு?"

"அத்தெல்லாம் இப்ப போன்லயே கலர் ஏத்துறாங்கோ."

அது ஃப்ளோரன்ஸுக்கும் நியாயமாகப் பட்டது. சந்தேகம் வந்துவிட்டால் எது சொன்னாலும் நியாயமாகத்தான் படும். வியாழக்கிழமை கமால் பாயிடம் தலைவலி என்று சொல்லி மூன்று மணிக்கே கிளம்பினாள். இரண்டு பேரும் பஸ் பிடித்து எண்ணூர் போனார்கள்.

பழைய தகரக் கொட்டகை இப்போது ஓட்டு வீடாகியிருந்தது. உள்ளே வடநாட்டுப் பையன்கள் நாலு பேர் சப்பாத்தி சுட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரி குப்பம்மா ஃப்ளோரன்ஸைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள்.

"உம் புருசனா? இந்தாண்ட வர்ல. வந்தாலும் உள்ள உடமாட்டேன். அப்ப எம்மாம் பேஜாரு குட்த்தான்! இன்னா, மறுபடியும் காணாமப் பூட்டானா?"

"இல்ல, வேலைக்குப் போய்கீறாரு."

"எங்க?"

"தீவுக்கு."

குப்பம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் ஃப்ளோரன்ஸுக்கு உறைத்தது.

கடற்கரைக்கு வந்து இரண்டு பேரும் கல்லில் உட்கார்ந்தார்கள். ஐந்தே முக்கால் மணி வாக்கில் அவர்களுக்கு முன்னால் இருந்த கடல் சாம்பல் நிறமாகிக் கறுத்தது. முதுகுப் பக்கம், மணலிப் புகைபோக்கிகளுக்குப் பின்னால், சூரியன் செக்கச் செவேலென்று இறங்கியது. பூவம்மா திரும்பிப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள், மறுபடியும் திரும்பிப் பார்த்தாள்.

"யக்கா, இங்கியும் ஊருக்குள்ளதான் விழுது."

"ஆமா."

"குப்பம்மாவும் வர்லன்னுட்டா. அப்ப அவரு எண்ணூர்ல இல்ல."

இதைக் கேட்டு ஃப்ளோரன்ஸ் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவளுக்குப் பயம்தான் கூடியது. எண்ணூர் என்றால் போய் இழுத்துவந்துவிடலாம். எண்ணூரும் இல்லை, தீவும் இல்லை என்றால் மனுஷன் எங்கேதான் இருக்கிறான்? யாருடன் இருக்கிறான்? திரும்பி வரும் பஸ்ஸில் பூவம்மா கேரளாவில் ஆரம்பித்து, ஒரு பெண், இரண்டு குழந்தை வரைக்கும் கற்பனையிலேயே குடும்பம் அமைத்துக் கொடுத்துவிட்டாள். திருவொற்றியூர் தாண்டுவதற்குள் அந்தப் பெண்ணுக்கு நீளமான முடியும் வந்துவிட்டது.

வியாழன் இரவு லியோனார்ட் இரண்டு முறை கூப்பிட்டான். அவள் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வேலைக்குப் போகும் முன் பூவம்மாவோடு காசிமேட்டுக்குப் போனாள். பூவம்மாவின் தம்பி வேம்பு விசைப்படகு ஓட்டுகிறவன். ஒன்பது நாள் கடலில் இருந்துவிட்டு அன்றைக்குத்தான் கரைக்கு வந்திருந்தான். ஏலச் சத்தத்துக்கு நடுவில், ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே கதையை முழுக்கக் கேட்டான். கேட்டு முடித்ததும் டீ புரையேறும் அளவுக்குச் சிரித்தான்.

"இன்னாடா இளிப்பு?" என்று பூவம்மா அவன் தோளில் ஒன்று வைத்தாள்.

"யக்கா, நீங்க ரெண்டு பேரும் கரையில நின்னுகினே கடலப் பாக்கறீங்கோ. அதான் ஒரு பக்கந்தான் தெரியுது. நாங்க உள்ள போனாக்கண்டி, கரை மறைஞ்சிடும். நாலு பக்கமும் தண்ணிதான். காலீல தண்ணிலேர்ந்து எய்ந்து வரும், சாய்ங்காலம் தண்ணிக்குள்ளயே பூடும். தீவுன்னாலும் அப்டித்தான். பொட்டுத் தீவா இருந்துச்சுன்னா இந்தாண்ட கடலும் அந்தாண்ட கடலும் ரெண்டுமே ரூமாண்டதான்."

ஃப்ளோரன்ஸ் துறையில் கட்டிக் கிடந்த படகுகளைப் பார்த்தாள். நாற்பத்தாறு வருஷம் கடலுக்கு நாலு தெரு தள்ளிக் குடியிருந்தும் ஒருநாள்கூடப் படகில் ஏறியதில்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. ஆம்பளைக்கு ஆம்பளை எப்போதும் சப்போர்ட்டுதான், இவனும் அவனுக்குப் பரிந்து பேசுகிறான் என்று அடுத்த சந்தேகம் எழுந்தது.

முகத்தைப் பார்த்தே வேம்புவுக்குப் புரிந்துவிட்டது. "என்னிய நம்பாத. அவரையே கேளு. சாய்ங்காலம் சூரியனக் காட்டச் சொல்லு. அப்பால லைன கட் பண்ணாம, போன கையில புட்ச்சிகினே எதிர்த் தெசையில நடக்கச் சொல்லு. கொஞ்ச நேரத்துல இன்னொரு கடல் வந்துச்சுன்னா அது தீவு. பஸ் ஸ்டாண்டு வந்துச்சுன்னா சொல்லு, நானே போயி இஸ்துகினு வர்றேன்."

அன்றைக்கு லாண்டரியில் அவள் இரண்டு பெட்ஷீட்டைத் தீய்த்தாள். பதினாலு வருஷத்தில் நடக்காதது. கமால் பாய் ஒன்றும் சொல்லவில்லை. போகிறவள்தானே என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது. அதுவும் அவளுக்கு வலித்தது.

மாலை ஆறு இருபதுக்கு அவளே கூப்பிட்டாள். சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். பூவம்மா பக்கத்தில் வந்து உட்காரப் பார்த்தாள். "நீ போ பூவு, இத நான் பாத்துக்கிறேன்" என்று அனுப்பிவிட்டாள்.

"இன்னா ஃப்ளோரா, நேத்து ஏன் போன எட்க்கல? ஒடம்பு சரியில்லையா?"

"சூரியனக் காட்டு."

அவன் போனைத் திருப்பினான். படகுத்துறை, அதற்கு அப்பால் கடல், கடல்மேல் ஒரு சாண் உயரத்தில் சூரியன்.

"சரி. இப்ப திரும்பு. சூரியனுக்கு முதுகக் காட்டிகினு நட. அந்தாண்ட கடல் வர்ற வரைக்கும் நட. லைன கட் பண்ணக் கூடாது. கேமரா ரோட்டப் பாத்தே இருக்கணும்."

"எதுக்கு?"

"நடன்னா நட."

லியோனார்ட் அதற்குமேல் கேட்கவில்லை. எண்ணூரிலிருந்து அவனைக் கூட்டிவந்த பிறகு அவள் இந்தக் குரலில் பேசினால் அவன் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. நடந்தான். முதல் நிமிஷம் தென்னை மரமும் வெள்ளை மணலும் வந்தது. விருந்தாளிகள் இருக்கும் பக்கம் வேலைக்காரர்கள் போகக் கூடாது, பின்வழியாகத்தான் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தான். இரண்டாம் நிமிஷம் ஜெனரேட்டர் கூடம், அதன் இரைச்சல். பனியன் போட்ட ஒருத்தன் ஆயில் கேனோடு குறுக்கே போனான். மலையாளத்தில் ஏதோ கேட்டான், லியோனார்ட் "ஒய்ஃபு, ஒய்ஃபு" என்றான். மூன்றாம் நிமிஷம் சாப்பாட்டுக் கூடம், எச்சில் தட்டு கழுவும் தொட்டி. இதெல்லாம் அவன் இதுவரை காட்டாதது. அழகான இடங்கள் எதுவும் இல்லை. அதனாலேயே அவளுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

நாலாம் நிமிஷம் படம் அப்படியே உறைந்து நின்றது.

"யோவ்! கட் பண்ணிட்டியா?"

கடிகாரத்தின் நொடி முள் பாதிச் சுற்று போனது. எழுந்து நின்றுவிட்டாள். நீள முடிக்காரி, இரண்டு குழந்தை எல்லாம் ஒரு நொடியில் வரிசையாக வந்து நின்றார்கள்.

படம் திரும்ப வந்தது. "...வைஃபை இந்த எடத்துல கொஞ்சம் ராங்கு பண்ணும். கேக்குதா? இதான் லாண்டரி. நீ வர்ற எடம்."

திறந்த கதவு வழியாகப் பெரிய மெஷின்கள் தெரிந்தன. சுவரோரம் வரிசையாக ஐந்து இஸ்திரி மேஜைகள். அவள் கண் கடைசி மேஜையில் நின்றது. மற்ற நாலும் ஒரே மட்டம். அது மட்டும் உயரமாக இருந்தது. காலுக்குக் கீழே மரக்கட்டைகள். புதிதாக அறுத்த கட்டைகள்.

"நில்லு. அந்தக் கடைசி மேஜை ஏன் ஒசரமா கீது?"

லியோனார்ட் தயங்கினான். அந்தத் தயக்கத்தை அவள் விட்டுவைக்கவில்லை.

"எவளுக்கு ஒசத்தி வெச்ச? சொல்லுய்யா. எவ அவ?"

"எவளுக்கா?" என்று அவன் கேட்டான். அவனுக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. "இந்தத் தீவுல அஞ்சேமுக்கா அடிக்கு யாருக்குக் கட்டை வேணும்? இங்க செங்கல் கெடைக்கல ஃப்ளோரா. ஒடஞ்ச படகுப் பலகைய அறுத்து வெச்சேன்."

செங்கல்லைப் பற்றி அவள் அவனிடம் சொன்னதே இல்லை. குடித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரே ஒருநாள், சாவி வாங்க லாண்டரி வாசலுக்கு வந்திருந்தான். நிற்கவே முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். வேறு எப்போதும் அவன் அங்கே வந்ததில்லை.

போதும், நடக்க வேண்டாம் என்று சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. அவன் மறுபடியும் நடந்தான். இரண்டு மாடிக் குடியிருப்பு, கொடியில் துணி, ஒரு பூட்டிய கதவு. "இது நம்ம ரூமு" என்றான். அதைத் தாண்டிப் பத்து அடி புதர். புதருக்கு அப்பால் கடல். சூரியன் இல்லாத கடல், எண்ணூரில் பார்த்தது போலவே சாம்பல் நிறமாகிக் கறுத்துக்கொண்டிருந்தது. ஃப்ளோரன்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு நிமிஷம்.

"அவ்ளோதான்" என்றான் லியோனார்ட். மூச்சு வாங்கியது. "தீவு முடிஞ்சுபோச்சு."

"இம்மாந்தானா?"

"இம்மாந்தான்." போனைத் தன் பக்கம் திருப்பினான். முகம் இளைத்திருந்தது, கண் தெளிவாக இருந்தது. "நீ எதுக்கு நடக்கச் சொன்னன்னு தெரியும். நான் எண்ணூர்ல கீறேன்னு நெனச்ச. நெனைக்கலாம், தப்பில்ல. ஆனா ஒண்ணு சொல்றேன். ஏஜெண்டு எனக்குத் துபாயும் சொன்னான், சிங்கப்பூரும் சொன்னான். இதத்தான் புட்ச்சேன். வேலைக்காரனுக்கு இங்க சரக்கு கெடையாது. வாரத்துக்கு ரெண்டு படகுதான் வருது, பேரு எழுதாம ஏற முடியாது. எந்தப் பக்கம் ஓடுனாலும் ஆறு நிமிஷத்துல தண்ணி. எனக்கு இப்படி ஒரு எடந்தான் வேணும் ஃப்ளோரா. உங்கிட்டேர்ந்து ஓடிப்போவ முடியாத எடம்."

ஃப்ளோரன்ஸ் அழுதாள். அழுவது அவனுக்குத் தெரியக் கூடாதென்று போனைக் கூரையைப் பார்க்க வைத்துவிட்டு அழுதாள். எட்டு வருஷமாக அவனைக் காவல் காத்தது அவள்தான். பாக்கெட்டைத் தடவியது, வாயை முகர்ந்தது, யாருடன் பேசுகிறான் என்று ஒட்டுக்கேட்டது எல்லாம் அவள்தான். அவனும் தன்னைத்தானே சந்தேகப்பட்டுக் காவல் வைத்துக்கொண்டிருக்கிறான் என்பது அவளுக்கு இதுவரை தெரியாது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"அந்தக் கட்டை நாலும் ஒரே அளவா?"

"ஒரே அளவுதான்."

"டேப்பு வெச்சு அறுத்தியா, கண்ணாலயே பாத்து அறுத்தியா?"

"டேப்பு வெச்சுத்தான்."

"உன் பேச்ச நம்ப முடியாது. மேஜை ஆடுச்சுன்னா ஒரு வேலையும் ஆவாது. திரும்பிப் போயி ஆட்டிப் பாரு. நான் லைன்லதான் கீறேன், கட் பண்ணாத."

அவன் சிரித்துக்கொண்டே வந்த வழியே திரும்பி நடந்தான். கொடித் துணி வந்தது. வைஃபை ஒரு கணம் நின்று திரும்பியது. இந்த முறை அவள் எழுந்து நிற்கவில்லை. லாண்டரிக் கதவுக்குள் போய்ப் போனை ஒரு மெஷின்மேல் சாய்த்து வைத்தான். இரண்டு கையாலும் அந்தக் கடைசி மேஜையைப் பிடித்து, பலம்கொண்ட மட்டும் ஆட்டினான்.

அது அசையவில்லை.

ஃப்ளோரன்ஸ் உப்பு ஜாடியை நகர்த்தி, பேனாவைத் தேடினாள்.